ஒரே தாளில் இரண்டு பொட்டு

அக்காவுக்கு எதையும் தனியாகப் பார்க்கத் தெரியாது. தக்காளி வாங்கப் போனால் ஒரு கையில் ஒன்று, மறு கையில் இன்னொன்று. பஸ் இன்றைக்கு லேட்டு என்று சொன்னால், "எந்த பஸ்ஸ விட லேட்டு?" என்பார். குளிருகிறது என்று நான் முனகினால் என் கையை இழுத்துத் தன் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமா, உனக்குக் குளிருது" என்பார். அதைத்தானே நானும் சொன்னேன், இதற்கு ஒரு சாட்சி வேறு வேண்டுமா என்று எரிச்சலாக வரும். அந்த எரிச்சலோடுதான் பல வருஷம் அவரோடு ஒரே அறையில் வேலை பார்த்தேன். இப்போதும் அவரை நினைத்தால் முதலில் எரிச்சல்தான் வருகிறது. பாசம் கொஞ்சம் பின்னால், அவசரமில்லாமல் வந்து சேருகிறது.

குன்னூரில் மவுண்ட் ரோட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு இறங்கும் ஒரு படிக்கட்டுச் சந்தில், கம்பளிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் லேப் இருந்தது. தேயிலைத் தூளைச் சோதித்து அறிக்கை கொடுக்கிற தனியார் இடம். சார், அக்கா, நான், இவ்வளவு பேர்தான். சார் கோயமுத்தூர்க்காரர், பெரிய எஸ்டேட் ஃபேக்டரி ஒன்றில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு சொந்தமாக இதை ஆரம்பித்தவர். அக்கா கெமிஸ்ட்ரி படித்தவர்; சோதனை எல்லாம் அவர் பொறுப்பு. நான் அன்னூர்ப் பக்கம். டைப் அடிக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியில் சேர்ந்தவள். இப்போது அந்த மாடியில் சுற்றுலாக்காரர்களுக்கு ஹோம்மேட் சாக்லேட் விற்கிறார்கள். போன வருஷம் போனபோது வாசனை ஆளைத் தூக்கியது. வாங்கத் தோன்றவில்லை.

நான் சொல்கிற காலம் தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். இலைக்குக் கிடைக்கும் காசு பறிக்கிற கூலிக்கே காணாது என்று சிறு விவசாயிகள் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். பறிக்காத தேயிலை ஆள் உயரத்துக்கு வளர்ந்து பூத்து நிற்பதை நான் அப்போதுதான் முதலில் பார்த்தேன். பூ அழகாகத்தான் இருந்தது. நின்று பார்க்கத்தான் யாருக்கும் மனசில்லை. ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடின. டீக்கடையில் உட்கார்ந்தாலும் பஸ்ஸில் ஏறினாலும் ஒரே பேச்சு. கொஞ்ச நாளில் அதைப் பேசவும் ஜனங்களுக்கு அலுத்துப்போனது.

விலை விழுந்ததும் சிலர் தூளில் சாயம் சேர்க்க ஆரம்பித்தார்கள். மட்டமான தூளாக இருந்தாலும் கொஞ்சம் ஆரஞ்சுச் சாயம் போட்டால் டம்ளரில் ஜோராகச் சிவக்கும். எல்லாரும் அப்படிச் செய்யவில்லை. ஆனால் சிலர் செய்ததால் வாங்குகிறவர்கள் எல்லார் தூளையும் சந்தேகப்பட்டார்கள். சந்தேகம் வந்தால் சாம்பிள் எங்கள் மாடிக்கு வரும்.

சோதனை இதுதான். தூளைக் கொதிக்க வைத்து வடிகட்டி, அதில் கொஞ்சம் அமிலம் விட்டு, ஒரு துண்டு வெள்ளைக் கம்பளி நூலைப் போட்டுக் காய்ச்சுவார் அக்கா. வெளியிலிருந்து சேர்த்த சாயம் இருந்தால் அது கம்பளியைப் பிடித்துக்கொள்ளும். நூலை அலசி அம்மோனியாத் தண்ணீரில் போட்டால் சாயம் மறுபடி கழன்று வரும். நூலைக் கீழ்க்கடைக்காரர் சும்மாவே கொடுப்பார். நாங்கள் குழந்தைக்குச் சாக்ஸ் பின்னுகிறோம் என்றே கடைசி வரை அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் அப்போது கல்யாணமே ஆகவில்லை. யார் குழந்தைக்கு என்று அவரும் கேட்டதில்லை.

பிறகு ஃபில்டர் பேப்பர். அடியில் பென்சிலால் ஒரு கோடு. கோட்டின் மேல் அந்தச் சாயத்தில் ஒரு சின்னப் பொட்டு. பேப்பரை ஒரு மிட்டாய் ஜாடிக்குள் தொங்கவிட்டு, அதன் கீழ் நுனி மட்டும் நனைகிற மாதிரி அடியில் கொஞ்சம் கரைசல். நாங்கள் அதைத் தண்ணி என்றுதான் சொல்லுவோம். தண்ணி பேப்பரில் மெல்ல மேலே ஏறும். ஏறும்போது பொட்டையும் இழுத்துக்கொண்டு போகும். பொட்டால் கூடவே போக முடியாது, பின்தங்கும். ஒவ்வொரு சாயமும் ஒவ்வொரு அளவுக்குப் பின்தங்கும். பொட்டு போன தூரத்தைத் தண்ணி போன தூரத்தால் வகுத்தால் வருவதுதான் ஆர்.எஃப். தண்ணியை முந்திக்கொண்டு எந்தப் பொட்டும் போகாது என்பதால் அது ஒன்றைத் தாண்டவே தாண்டாது. ஒருமுறை சார் அவசரத்தில் கணக்குப் போட்டு ஒன்றுக்கு மேலே ஓர் எண்ணைச் சொல்லிவிட்டார்.

"பொட்டு தண்ணிய முந்திருச்சுங்களா சார்?" என்றார் அக்கா. "ஆத்துக்கு முன்னால தோணி ஓடிருச்சு போலருக்கு."

சார் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கு அக்காவைக் கோபிக்க வராது. இன்னொரு நாள் பென்சில் கிடைக்கவில்லை என்று சார் தன் சட்டைப்பை பேனாவால் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டார். தண்ணி ஏறியதும் பேனா மையும் சேர்ந்து கிளம்பி, நீலம் தனியாக ஊதா தனியாகப் பிரிந்து, பேப்பர் முழுக்கக் கோலம் போட்ட மாதிரி ஆகிவிட்டது. அக்கா அதை எடுத்துச் சன்னலில் காய வைத்துவிட்டு, முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு சொன்னார்: "சார், உங்க பேனாவுல கலப்படம் இருக்குங்க." நாங்கள் அந்த வருஷம் சிரித்ததில் அது ஒன்று.

எந்தச் சாயத்துக்கு என்ன ஆர்.எஃப் என்று ஒரு தடித்த புத்தகத்தில் போட்டிருக்கும். பார்த்தோமா, எழுதினோமா என்று வேலை முடிய வேண்டியதுதான். அக்கா அந்தப் புத்தகத்தை ஏறிட்டும் பார்க்க மாட்டார். "அது யாரோ எங்கயோ வெக்கையில உக்காந்து ஓட்டுனது. குன்னூர்க் குளுருக்கு அது எப்படி ஒத்து வரும்?" என்பார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மார்கழியில் வருகிற எண் சித்திரையில் வராது. மஞ்சு, அதாவது மூடுபனி, சன்னல் வழியாக உள்ளே வந்து பேப்பர் ஈரம் குடித்திருந்தால் இன்னொரு எண். ஒரே சாயம்தான், ஆனால் எண் ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் அக்கா நமக்கு நன்றாகத் தெரிந்த சாயத்தில் ஒரு பொட்டை அதே பேப்பரில், அதே கோட்டில், பக்கத்திலேயே வைப்பார். அதற்குப் பெயர் ஸ்டாண்டர்டு. குளிர் என்றால் இரண்டுக்கும் குளிர். ஈரம் என்றால் இரண்டுக்கும் ஈரம். எண் எதுவாக இருந்தால் என்ன, இரண்டு பொட்டும் ஒரே உயரத்தில் வந்து நின்றால் முடிந்தது வழக்கு.

இதை லேப்போடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு மழைக்காலத்தில் அக்காவுக்குக் கடும் காய்ச்சல். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நர்ஸ் தெர்மாமீட்டரை வைத்து எடுத்து நூற்றியொன்று என்றதும் அக்கா நடுங்கிக்கொண்டே, "அதே தெர்மாமீட்டர உங்களுக்கும் வச்சுப் பாருங்க சிஸ்டர்" என்றார். நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கடைசியில் நர்ஸ் எனக்குத்தான் வைத்துப் பார்த்தார். எனக்குக் காய்ச்சல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அக்கா தனக்கு இருப்பதாக ஒத்துக்கொண்டு மாத்திரையை விழுங்கினார்.

என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை எப்படி என்று அக்காவிடம்தான் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது.

"ஒத்த ஆளப் பாத்து நல்லவரா கெட்டவரான்னு நான் எப்படிச் சொல்றது? அவரு அண்ணந்தம்பி எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்புடுறப்ப பாரு."

பார்த்தேன். எல்லாரும் ஒரே மாதிரி, சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். வந்து சொன்னதும் அக்கா, "அப்ப இவரு மட்டும் மோசமில்ல" என்றார். அந்த ஆறுதலோடுதான் கழுத்தை நீட்டினேன். இன்று வரைக்கும் தட்டு நான்தான் எடுக்கிறேன்.

சிரிப்பாகச் சொல்லிவிட்டேன். ஒரு சமயம் அது சிரிப்பாக இல்லை. அக்காவின் குடும்பம் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அக்கா அங்கே பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். கோத்தகிரி ரோட்டில் ஒரு ஃபேக்டரிக்குப் பின்னால் இருந்த லயத்தில் குடியிருந்தார்கள். லயம் என்பது அவர்கள் சொல். நாங்கள் லைன் வீடு என்போம். வரிசையாக ஒற்றை ஒற்றை அறை. அவர்கள் வீட்டு அறையில் அண்ணன், அண்ணி, பிள்ளைகள், அக்கா எல்லாரும். அவர் அப்பாவும் அப்போது உயிரோடு இருந்தார். ஒரு தீபாவளிக்கு நான் போயிருந்தேன். லயத்துக் கிழவர்கள் எல்லாம் வாசலில் உட்கார்ந்து வழக்கம் போல, கண்டியில் அந்தக் காலத்தில் எப்படி இருந்தோம், இங்கே வந்து எப்படி ஆனோம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா பெருமூச்சு விட்டு, "அங்கனயே இருந்திருக்கணும்" என்றார்.

பலகாரத் தட்டோடு வந்த அக்கா நின்றார். "அங்க இருக்கிறப்ப உங்களுக்கு முப்பது வயசுப்பா. இங்க இருக்கிறது அறுவது. ரெண்டும் எப்படி ஒண்ணா நிக்கும்?"

அந்த மனிதரிடம் இருந்த ஒரே சொத்து அந்தக் கண்டிதான். அதையும் பிடுங்க வேண்டுமா என்று எனக்கு இருந்தது. அவர் முறுக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் கடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த லயத்துக்கு முன்னால் இருந்த ஃபேக்டரியின் சாம்பிள்தான் ஒரு ஜனவரியில் எங்கள் மாடிக்கு வந்தது.

சின்ன ஃபேக்டரி. சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றுவட்டாரத்துச் சிறு விவசாயிகளின் இலையை வாங்கி அரைக்கிற இடம். அக்காவின் அண்ணன் அங்கே டிரையரில் நின்றார். இலையைச் சூட்டில் காயவைத்துத் தூளாக வெளியே தள்ளுகிற மிஷின் அது. அந்த வேலை இருக்கிற வரைக்கும்தான் லயத்தில் அந்த அறையும். ஃபேக்டரி அனுப்பிய சரக்கை வாங்கியவர், சாயம் கலந்திருக்கிறது என்று சொல்லித் திருப்பிவிட்டார். முதலாளி தானே பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தார். சவரம் செய்து பல நாள் ஆன முகம்.

"ஏனுங்க சார், கலர் இல்லீன்னு உங்க ரிப்போர்ட் ஒண்ணு கெடைச்சா சரக்கை வேற எடத்துக்குத் தள்ளி விட்டுருவனுங்க. இல்லீன்னா ஃபேக்டரிக்குப் பூட்டுப் போட்டுட்டுப் போக வேண்டியதுதானுங்க."

"கலக்கினீங்களா?" என்று சார் கேட்டார்.

"நான் கலக்கச் சொல்லலீங்க," என்றார் முதலாளி, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு.

அக்காவின் அண்ணன் வேலை பார்க்கிற இடம் என்பதால் சோதனையைத் தானே செய்வதாகச் சார் சொன்னார். அது முறையும்தான். மறுநாள் காலையில் அக்கா வருவதற்கு முன்பே பேப்பரை ஜாடியில் தொங்கவிட்டிருந்தார். கை விறைக்கிற குளிர். ஆரஞ்சு நிறத்தில் ஒரே ஒரு பொட்டு ஏறி நின்றிருந்தது. அளந்தார், வகுத்தார், புத்தகத்தைப் புரட்டினார்.

"புத்தகத்துல பாயிண்ட் ஆறுக்கு மேல போட்டிருக்கான். நம்மது பாயிண்ட் அஞ்சைத் தாண்டல. சேரலீங்களே அம்மிணி," என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு வாக்கியத்தையும் சொன்னார்: புத்தகத்தில் கொடுக்கப்பட்டுள்ள மதிப்போடு பொருந்தும் செயற்கைச் சாயம் எதுவும் காணப்படவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. மெஷினில் தாளைச் செருகி அடிக்க ஆரம்பித்தேன்.

பாதியில் அக்கா வந்தார். சால்வையைக்கூடக் கழற்றவில்லை. பேப்பரை எடுத்துப் பார்த்தார்.

"சார், பக்கத்துல எதும் ஓடலீங்களே."

"ஓடலீங்க."

"இந்தக் குளுருல நம்பர் எறங்கத்தானங்க சார் செய்யும்?"

"எனக்குத் தெரியாதுங்களா அம்மிணி?" சார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உங்களுக்கு முந்தி இருந்தே இதைப் பாத்துட்டிருக்கேன். ஆனா நான் எழுதறதுல பொய் ஒண்ணுமில்லீங்க. புத்தகத்தோட சேரல. சேரலைன்னுதான் எழுதறேன். உங்க அண்ணன் பொழைக்கட்டும். அந்த எலைக்காரங்க பொழைக்கட்டும். போதுமுங்க, விட்டுருங்க."

அவர் கெட்டவர் இல்லை. களைத்துப் போனவர். நாங்கள் எல்லாருமே அப்படித்தான் இருந்தோம். அந்த வருஷங்களில் ஊரில் யாரையாவது பிழைக்க வைக்கிற ஒரு வார்த்தை கையில் இருந்தால் அதைச் சொல்லிவிடத்தான் யாருக்கும் தோன்றும். அக்கா வாதாடவில்லை. கலப்படம் பாவம், குடிக்கிறவர்கள் கதி என்ன என்றெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"நீங்க என்ன வேணா எழுதுங்க சார். எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சுட்டா அப்பறம் எப்படிங்க அம்மிணி எழுதறது?"

அக்கா சால்வையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சார் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நடந்தார். பிறகு, "செய்யுங்க," என்று சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அடித்துக்கொண்டிருந்த தாளை நான் மெஷினிலிருந்து உருவினேன்.

பேப்பர் வெட்டுவதற்கு முன்னால் அக்கா படியிறங்கிப் போய் எஸ்.டி.டி பூத்திலிருந்து ஃபேக்டரிக்குப் போன் செய்து அண்ணனை வரச் சொன்னார். திரும்பி வந்ததும் நான் கேட்டேன்.

"அவரை எதுக்குங்க்கா இங்க கூப்புட்டீங்க?"

"வரட்டும்."

அண்ணன் மத்தியானம் வந்தார். ஷிஃப்டிலிருந்து அப்படியே வந்திருந்தார். புருவத்திலும் சட்டைக் காலரிலும் தூள் படிந்திருந்தது. அக்கா ஜாடிக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு அவரை உட்கார வைத்தார். அவர் கண் முன்னாலேயே பென்சில் கோடு போட்டு இரண்டு பொட்டு வைத்தார். ஒன்று அவர்கள் ஃபேக்டரித் தூளிலிருந்து எடுத்தது. இன்னொன்று எங்கள் அலமாரியில் இருந்த சாயம். பழைய ஹேர் டிரையரால் இரண்டையும் காயவைத்து, பேப்பரை ஜாடியில் இறக்கி மூடியைப் போட்டார்.

"தண்ணி மேல ஏறும்ணே. இதுகளும் ஏறும். ரெண்டும் வேற வேற எடத்துல நின்னா நம்ம தூள்ல இந்தச் சாயம் இல்ல. ஒரே மட்டத்துல நின்னா இருக்கு."

அண்ணன் தலையை ஆட்டினார். குளிருக்குத் தண்ணி மிக மெதுவாக ஏறியது. சன்னலுக்கு வெளியே மஞ்சு இறங்கி எதிர்க் கட்டிடம் மறைந்துவிட்டது. கீழே கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நான் டீ வாங்கி வந்தேன். யாரும் குடிக்காமல் ஆடை படிந்தது. வேறு வேறாக நில்லுங்கள் என்று அந்தப் பொட்டுகளிடம் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். எந்தச் சாமியிடமும் அதுவரை நான் அவ்வளவு வேண்டியிருக்க மாட்டேன்.

"நம்மளுது எது?" என்று அண்ணன் கேட்டார்.

"எடது கைப் பக்கம்ணே."

அவர் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி முன்னால் குனிந்தார். ஈர விளிம்பு ஏற ஏற, இரண்டு பொட்டும் கொஞ்சம் நீண்டு, தேங்கி, மறுபடி கிளம்பின. ஒன்று நகர்ந்தால் மற்றதும் நகர்ந்தது. அண்ணன் எதுவும் படித்தவர் இல்லை. அவருக்கு அதற்கு மேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டும் ஒண்ணாத்தானே போவுது," என்றார் மெதுவாக.

அக்கா குனிந்து ஜாடிக்குள் பார்த்தார்.

"இப்பவே வெளிய எடுத்துட்டா? கொஞ்ச தூரம்தானே ஏறியிருக்கு?"

"எப்ப எடுத்தாலும் ஒண்ணாத்தாண்ணே நிக்கும்."

தண்ணி மேல்முனைக்குப் பக்கத்தில் வந்ததும் அக்கா பேப்பரை எடுத்து, ஈரம் காய்வதற்குள் தண்ணி நின்ற இடத்தில் கோடு இழுத்தார். ஸ்கேல் வைத்து அளந்தார். அளக்கவே தேவையில்லை. இரண்டு ஆரஞ்சுப் பொட்டும் ஒரே மட்டத்தில் நின்றுகொண்டிருந்தன. இரண்டுக்குமே புத்தகத்து எண் வரவில்லை. இரண்டுக்கும் ஒரே எண்தான் வந்தது.

"நான் கலக்கல," என்றார் அண்ணன்.

"நீ கலந்தேன்னு இதுல இல்லண்ணே."

அவருக்குத் தெரிந்துதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. டிரையரில் நிற்கிறவருக்குத் தன் கையால் காய்ந்த தூளின் நிறம் தெரியாமலா போகும்? அவர் எழுந்து, ஸ்டூலைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, சாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். காணப்பட்டது என்று நான் டைப் அடித்தேன். சார் கையெழுத்துப் போட்டுவிட்டு, உடம்புக்கு முடியவில்லை என்று நேரத்திலேயே வீட்டுக்குப் போய்விட்டார்.

முதலாளி சண்டை போடவில்லை. கவரை வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல், "சரீங்க" என்றார். கொஞ்ச நாளில் ஃபேக்டரி மூடப்பட்டது. இலைக்காரர்கள் இலையை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் அலைந்தார்கள். டிரையர் தெரிந்த ஆளாக இருந்தும் அண்ணனை எங்கும் எடுக்கவில்லை. எடுக்கிறதற்கு ஃபேக்டரி ஓட வேண்டுமே. லயத்தில் அக்காவுக்குக் கிடைத்த பேச்சு கொஞ்சமில்லை. படிக்க வைத்த அண்ணன் வயிற்றிலேயே அடித்துவிட்டாள் என்றார்கள். குழாயடியில் அக்கா குடத்தோடு வந்தால் மற்றவர்கள் வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்களாம். அது மரியாதைக்கு இல்லை. எங்கள் லேப்புக்கும் சாம்பிள் வருவது குறைந்தது. கேட்ட பதிலைத் தராத இடத்துக்கு யார் வருவார்கள்?

எனக்கும் அக்கா மேல் கோபம்தான், ஒளிப்பானேன்? இருக்கிறதை இருக்கிறது என்று எழுதியதற்கு அல்ல. அது அவர் குணம். அவரால் வேறு மாதிரி இருக்க முடியாது. வேலை போகப்போகிற மனிதரைக் கூப்பிட்டு, அந்த வேலை போவதை உட்கார்ந்து பார்க்க வைத்தாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இப்படி ஒரு கல்நெஞ்சா என்று நினைத்தேன். ஒரு நாள் கேட்டும்விட்டேன். அக்கா ஜாடியைக் கழுவிக்கொண்டே, "சோப்பு எங்க வச்ச?" என்றார். அன்றிலிருந்து கொஞ்ச காலம் வேலைக்கு வேண்டியதைத் தவிர நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

லயத்தைக் காலி செய்யச் சொன்னதும் அண்ணன் திருப்பூருக்குக் கிளம்பினார். பனியன் கம்பெனியில் மூட்டை தூக்குகிற வேலை, தெரிந்தவர் ஒருவர் ஏற்பாடு செய்திருந்தார். அண்ணியும் பிள்ளைகளும் கூட. அக்கா போகவில்லை. சார் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓர் அறைக்குத் தன் பெட்டியைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். ஜனவரியிலிருந்து அண்ணன் அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்று எனக்கு அண்ணி சொல்லித்தான் தெரியும். திட்டவும் இல்லையாம். ஒரே அறையில் படுத்து எழுந்துகொண்டு, திட்டாமல், பேசாமல்.

வழியனுப்ப நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். பாய் சுருட்டு, பாத்திர மூட்டை, ஒரு மிக்ஸி டப்பா. அண்ணி பிள்ளைகளை உள்ளே ஏற்றி இடம் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பெண் குழந்தை மட்டும் ஏறாமல் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. டிரைவர் வந்து உட்கார்ந்து ஒரு தடவை ஹாரன் அடித்தார். அண்ணன் மூட்டையை மேலே போட்டுவிட்டு இறங்கி வந்து, அக்காவைப் பார்க்காமல், என் எதிரில் நின்றார்.

"நீயே சொல்லு தங்கச்சி. அன்னைக்கு என்னைய எதுக்கு இவ அங்க கூப்புட்டா? வீட்டுக்கு வந்து வாயால சொல்லியிருந்தா நான் நம்பியிருக்கவே மாட்டேன். பேப்பரு சரியில்ல, ஜாடி சரியில்ல, இவ பொய் சொல்றான்னு சாவுற வரைக்கும் இவளத் திட்டிக்கிட்டாச்சும் கெடந்திருப்பேன். கண்ணால பாத்துத் தொலைச்சிட்டேன். இப்ப நான் யாரத் திட்டுறது?"

அக்கா குனிந்து குழந்தையின் ஸ்வெட்டருக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார்.

"அதுக்குத்தாண்ணே கூப்புட்டேன். நீ திட்டுனா என்னால தாங்க முடியாது."